பென்சில் ஸ்கெட்ச் டாட்டூ: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் தண்டையார்பேட்டைக் கிளையில் என் முன்கையில் பென்சில் ஸ்கெட்ச் டாட்டூ போட்டுக்கொண்டேன். ரூ.9,500, ரசீது இணைப்பில் உள்ளது. காசிமேட்டில் கட்டியிருந்த ஒரு விசைப்படகை என் அப்பா நோட்டுத் தாளில் வரைந்த படம் அது. அவர் இப்போது இல்லை. ஒரே கோட்டை இரண்டு மூன்று தடவை தேடித் தேடி இழுத்திருப்பார். பென்சில் படத்துக்கு உயிரே அந்தத் தடுமாற்றம்தான். உங்கள் ஆள் ஸ்டென்சில் (தோலில் பதிக்கும் மாதிரிப் படம்) எடுக்கும்போதே அதையெல்லாம் 'கிளீன்' செய்துவிட்டார். மிச்சமிருந்ததைத் தடித்த ஊசியால் ஆழமாகக் குத்தியதில் மை பரவி, நெருக்கமான சாய்கோடுகள் எல்லாம் ஒரே திட்டாகிவிட்டன. மீன் ஏலக்கூடத்தில் "கையில் கரி, துடைத்துக்கொள்" என்கிறார்கள். என் கையே என்னுடையதாக இல்லை.

முதலில் "ஆறினால் சரியாகும்" என்றீர்கள். ஆறியது, சரியாகவில்லை. பிறகு அண்ணா நகர்க் கிளைக்குப் போகச் சொன்னீர்கள். கொட்டும் மழையில் போனால், டாட்டூ போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று வாசலில் காவலாளி சொல்கிறார். அதைத் தண்டையார்பேட்டையிலேயே சொல்லியிருக்கலாமே?

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் உங்கள் சேவைப் பிரிவு அம்மையார் சொன்னதைப் பொறுக்க முடியாது: "உங்கள் தோல் கறுப்பு சார், அதில் பென்சில் எடுபடாது." பணம் வாங்கும்போது என் தோல் என்ன நிறத்தில் இருந்தது? கறுப்பு மையை நீர்க்க வைத்துத்தான் பென்சில் சாம்பல் வருகிறது, மாநிறத் தோலில் வெளிர் சாம்பல் மங்கும், அதற்கேற்ப கோடுகளுக்கு இடையே தோலை விட்டு வரைய வேண்டும்: இது உங்கள் தொழில். மீன் விற்கும் நான் படித்துத் தெரிந்துகொண்டது உங்களுக்குத் தெரியாதா? அதோடு என் கையில் மங்கலா பிரச்சினை? அப்பிக் கிடக்கிறது! கேட்டால் போனை வைத்துவிட்டார்.

இலவச டச்-அப் தருகிறார்களாம். டச்-அப் என்றால் மேலும் மை ஏற்றுவது. ஏறிய மையை அது எப்படி இறக்கும்?

தயவுசெய்து முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். லேசரில் இதை மங்கவைக்கும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம்கூட இல்லை. அப்பாவின் தாளையும் என் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

அந்தத் தாள் இன்னும் உங்கள் கிளையில்தான் இருக்கிறது. பணத்துக்கு முன் அதை மடங்காமல் அனுப்புங்கள். பதில் சொல்ல அந்த அம்மையாரை மட்டும் அழைக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டு வாடிக்கையாளர்