கண்ணாடிக்கு முன் கிளையைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரியல் பூங்காக்களில் குரங்குகளுக்கான நவீன வாழிடங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பார்வையாளரையும் விலங்கையும் நேருக்கு நேர் நிறுத்தும் கண்ணாடிச் சுவர்களை வெகுவாகப் பாராட்டியிருந்தது. கண்ணாடி கூடாது என்று சொல்ல வரவில்லை. பணத்தை முதலில் எங்கே போடுவது என்பதில்தான் எங்களுக்கு மாற்றுக் கருத்து.

மரத்தில் வாழும் இனங்களுக்குத் தரைப்பரப்பைவிட உயரம் முக்கியம். அந்த உயரத்திலேயே இங்கிருந்து அங்கே போக வழியும் வேண்டும். பல இடங்களில் சிமென்ட்டில் மரம் செய்து நிறுத்திவிடுகிறார்கள். படத்தில் அழகாகத் தெரியும், ஆனால் அசையாது. உராங்குட்டானோ கிளையைத் தன் எடையால் வளைத்து ஆட்டி, அந்த ஆட்டத்திலேயே அடுத்த மரத்தை எட்டிப் பிடிக்கும் விலங்கு. பிரேசிலின் தங்கச் சிங்க டாமரின் குரங்குகள் கற்றுத்தந்த பாடமும் இதுதான். பூங்காக்களில் பிறந்த டாமரின்களை 1984 முதல் காட்டில் விட்டபோது, அவற்றில் பல மெல்லிய கிளைகளில் நடமாடத் தெரியாமல் தடுமாறின. அசையாமல் பொருத்திய கட்டைகளிலேயே வளர்ந்தவை அவை. பின்னர் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் கூண்டில்லாமல் மரங்களில் விட்டுப் பழக்கினார்கள். இன்று காட்டிலுள்ள டாமரின்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, இப்படி விடப்பட்டவற்றின் வழிவந்தவை.

எனவே வளையும் கம்பங்களும், பயன்பாட்டிலிருந்து கழிக்கப்பட்ட தீயணைப்புக் குழாய்த் துணியைப் பின்னிய தொட்டில்களும் வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை அவற்றின் இடத்தையும் மாற்ற வேண்டும். கயிற்றில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தளர்ந்து தொங்கும் வளையம் கழுத்தில் மாட்டும். பிரிந்த இழை விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். இவற்றைச் சோதித்துப் பதிவேட்டில் எழுத ஆள் இல்லாவிட்டால் கயிறே கட்ட வேண்டாம்.

அடுத்தது மறைவிடம். "ஒளிய இடம் கொடுத்தால் காசு கொடுத்து வந்தவர் எதைப் பார்ப்பார்?" என்று நிர்வாகம் கேட்கும். பெல்ஃபாஸ்ட் பூங்காவில் கொரில்லாக்களின் பார்வைப் பக்கத்தில் உருமறைப்பு வலையைக் கட்டிப் பார்த்தார்கள். கொரில்லாக்களின் முரட்டுத்தனமும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமும் குறைந்தன. பார்வையாளர் நாலாபக்கமும் சூழாமல் ஒரு பக்கம் மட்டும், விலங்கின் கண்மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். கொரில்லாவை உற்றுப் பார்ப்பது அதன் கணக்கில் மிரட்டல். விலங்கு தானாகக் கண்ணாடியருகே வர, அங்கே குளிரில் சூடாகவும் வெயிலில் குளிர்ச்சியாகவும் இருக்கும் கல்மேடை போதும். பார்ப்பவர் நிற்கும் பக்கம் கூரை போட்டு இருட்டாக்குவது கட்டாயம். இல்லையேல் கண்ணாடியில் அவரவர் முகமே தெரியும். உடனே தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

சிம்பன்சிக்குச் செயற்கைக் கரையான் புற்று நல்ல முதலீடு. குச்சியின் நுனியை மென்று தூரிகைபோல் ஆக்கி, துளைக்குள் விட்டு, ஒட்டியதை உதட்டால் வழித்துத் தின்பதை ஒருமுறை பார்த்தவருக்கு விளக்கப் பலகை தேவைப்படாது. துளைகள் விலங்குகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக, தள்ளித் தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் குழுவின் தலைவனே முழுவதையும் பிடித்துக்கொள்வான். உள்ளே உணவு நிரப்பும் குழாய்களைப் பின்புறப் பாதை வழியாகக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். வெயிலில் அந்த உணவு சீக்கிரம் கெட்டுப் பூசணம் பிடிக்கும்.

அகழியைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியோடு நிறுத்திவிட்டது. கொரில்லாவுக்கும் சிம்பன்சிக்கும் இயல்பாக நீந்தத் தெரியாது. நீர் அகழியில் மூழ்கி இறந்தவை உண்டு. விலங்கின் பக்கம் கரை படிப்படியாகச் சரிய வேண்டும். பிடித்து ஏற நீருக்கடியில் வலையும் வேண்டும். மனிதர் பக்கமும் அதே கவனம் தேவை. 2016இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் 3 வயதுக் குழந்தை தடுப்பைக் கடந்து அகழிக்குள் விழ, ஹராம்பே என்ற கொரில்லா சுட்டுக் கொல்லப்பட்டது. அதன் பிறகுதான் தடுப்பை 42 அங்குலமாக உயர்த்தி, கீழ்ப்பகுதியில் வலை கட்டினார்கள்.

இரவுக் கொட்டகையைப் பார்வையாளர் பார்ப்பதில்லை, அதனால் அங்கேதான் செலவைக் குறைப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வாசல் கட்டாயம். ஒன்றே இருந்தால் அடிபடும் குரங்கு மூலையில் சிக்கிக்கொள்ளும். நகரும் கதவை மேலிருந்து தொங்கவிடுவது நல்லது. கீழே தண்டவாளம் வைத்தால் வைக்கோலும் பழத்தோலும் அடைத்து, கதவு முழுதாக மூடாது. அந்த இடைவெளி சிம்பன்சியின் விரலுக்குப் போதும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் செய்தியை நீளப் பலகைகளில் எழுதுவதில் பயனில்லை, அவற்றை நின்று படிப்பவர் வெகு சிலரே. ஒரே ஒரு செயலை, செய்யக்கூடிய இடத்திலேயே கேட்க வேண்டும். மெல்போர்ன் பூங்கா பழைய கைபேசிகளைச் சேகரித்தது. கைபேசிகளுக்கான கோல்டான் தாது தோண்டப்படும் காங்கோ பகுதிகளில்தான் கொரில்லாக்களின் காடும் இருக்கிறது. அத்தகைய பெட்டியை நுழைவாயிலில் வைக்காமல், கொரில்லாவைப் பார்த்துவிட்டு வெளியே வரும் வழியில் வைக்க வேண்டும். குட்டிக் குரங்கைத் தோளில் சுமக்கும் பராமரிப்பாளரின் படம் விளம்பரத்தில் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். "எனக்கும் ஒன்று கிடைக்குமா?" என்ற ஆசையைத்தான் அது கிளப்பும்.

இப்படிக்கு,
வாழிட வடிவமைப்புத் துறை சார்ந்த வாசகர்கள்