கறுத்துப்போன 11 பாட்டில்களும் ஒரு நன்றியும்

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே இருக்கும் எங்கள் சின்னத் தெருவிலிருந்து இதை எழுதுகிறேன். தெருச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் முன்வராததால் ஆனேன், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. செப்டிக் டேங்க், குப்பை இரண்டு விஷயத்திலும் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு எல்லோரும் பார்க்கிற மாதிரி நன்றி சொல்ல வேண்டும் என்று பொங்கல் கூட்டத்தில் முடிவானது. அவர்களில் பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் கிடந்த வீடியோக்களைப் போனில் பார்த்துக்கொண்டு, நம் தெருவில் கணுக்கால் அளவுகூட நிற்கவில்லையே என்று நாங்கள் கொஞ்சம் கர்வமாகவே இருந்தோம். இது மணல், குடித்துவிடும். குடிக்கத்தான் செய்தது. ஆனால் அடியில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து, மூன்றாம் நாள் டாய்லெட்டில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுத்தது. நான்காம் நாள் எதிர் வீட்டு டேங்க் மூடியின் இடுக்கில் கசிந்து தெருவுக்கு வந்தது. வாரக் கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை. ஜனவரி முடிவதற்குள் மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு, ஒரு குழந்தைக்கு மஞ்சள்காமாலை. குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம், ஆனால் பல் தேய்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் கீரை அலசுவதும் கிணற்றுத் தண்ணீரில்தானே.

முதல் நன்றி எங்கள் மாலே மாமாவுக்கு. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் பல வருடம் பிளம்பிங் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அதனால் அந்தப் பெயர். தெருவில் எதைப் பார்த்தாலும் "மாலேயில இப்படித்தான்" என்று ஆரம்பிப்பார், நாங்களும் வழக்கம்போல நழுவிவிடுவோம். அந்த ஜனவரியில்தான் முதன்முறையாக உட்கார்ந்து கேட்டோம். தீவின் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, குழம்பின் மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு இருக்கும். மேலே 1 அடியை இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உப்பு அந்த அளவுக்கு ஏறி வரும். வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு கழிவுக்குழி என்று இருந்த மாலத்தீவில் 1978-இல் காலரா பரவியது. மாலேயில் இன்று கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்ததும் ஊரே தாகத்தில் தவிக்க, இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது நினைவிருக்கும். குப்பைக்கு இடமில்லாமல் 1992-இல் திலாஃபுஷி என்ற இடத்தில் கொட்டத் தொடங்கி, இப்போது அந்தக் குப்பையே ஒரு தீவாக நிற்கிறது.

"கிழக்கே கடல், மேற்கே கால்வாய், அடியில மணல். நீங்களும் தீவுலதான் இருக்கீங்க, ஈசிஆர் பஸ் வர்றதால தெரியல" என்றார்.

அப்புறம் அவர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க அளந்தார். கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். எங்கள் மனைகள் எல்லாம் ஒரு கிரவுண்டு, 40க்கு 60. எந்த மூலையில் கிணறு தோண்டினாலும் நம் குழிக்குத் தப்பினால் பக்கத்து வீட்டுக் குழி கிட்டே வந்துவிடும். என் கிணற்றுக்கும் பின்வீட்டு செப்டிக் டேங்குக்கும் நடுவே 22 அடிதான், ஒரு காம்பவுண்டுச் சுவர்தான் மறைப்பு. இருபது வருடமாக அந்த வீட்டம்மாவோடு கோலப்பொடி முதல் கறிவேப்பிலை வரை பகிர்ந்துகொண்டிருக்கிறேன், இதையும் பகிர்ந்துகொண்டிருந்தோம் என்பது தெரியாமல்.

மாமா சொன்னதை நம்பாதவர்களை நம்ப வைத்தது கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர். 14 கிணறுகளிலிருந்து, சோதனை மருந்து போட்ட சின்னச் சின்ன பாட்டில்களில் தண்ணீர் பிடித்து என் சமையலறை அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும், அவ்வளவுதான் சோதனை. மறுநாள் காலை காபிக்குப் பால் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். 14-இல் 11 கறுப்பு. "எங்க கெணத்துத் தண்ணி எளநீர் மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தவருடைய பாட்டில்தான் மை மாதிரி இருந்தது. பிள்ளைகளே, பத்துக் கூட்டம் போட்டும் நடக்காததை அந்த அலமாரி நடத்தியது.

இனி லாரிக்கு வருகிறேன். முதலில் வாடகை குறைவு என்று ஒரு கழிவுநீர் லாரியைப் பிடித்தோம். அது ராத்திரியோடு ராத்திரியாக நாலு தெரு தள்ளிக் கால்வாயிலேயே திறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கால்வாயில் இறால் பிடிக்கிற ஒரு பெரியவர் காலையில் எங்கள் வாசலுக்கே வந்து, "உங்க வூட்டுச் சரக்கை எங்க வலையில கொட்டிட்டீங்களேம்மா" என்று சத்தம் போட்டார். ஐயா, உங்களுக்கும் நன்றி. அன்றைக்கு நான் உங்களோடு சண்டைக்கு வந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில் போன கால்வாய் அது. தெற்கே முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது, நீங்கள் பிடிக்கிற இறாலைத்தான் நாங்கள் வாங்கியும் சாப்பிடுகிறோம்.

பிறகு கழிவுநீர் எடுப்பதற்கான உதவி எண் 14420-க்குப் போன் செய்து வந்தவர்தான் எங்கள் லாரித் தம்பி. அவர் வந்த அன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். குழாய் போட்டு உறிஞ்சிய பிறகும் எங்கள் டேங்கின் அடியில் கெட்டியாகச் சேறு நின்றது. "ஒருத்தர் உள்ளே இறங்கி வழிச்சுப் போட்டா முடிஞ்சிடுமே, ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தர்றேன்" என்று கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். அவர் கோபப்படவே இல்லை. "நான் எறங்க மாட்டேம்மா, யாரையும் எறக்கவும் மாட்டேன்" என்றார். 2013-லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை இது, மூடியைத் திறந்து வைத்தாலும் அடியில் விஷவாயு தங்கியிருக்கும், ஒருவர் மயங்கினால் தூக்கப் போகிறவரும் மயங்குவார் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அப்புறம் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்து, மறுபடி உறிஞ்சி, இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்று முடித்தார். பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு அங்கே கொடுத்த சீட்டையும் கொண்டுவந்து காட்டினார். ஐந்நூறை நீட்டினேன், வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். எனக்கு 58 வயது. செய்தித்தாளில் விஷவாயு தாக்கி இறந்தவர்களைப் பற்றிப் படித்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். அந்த வாயால்தான் அன்று அப்படிக் கேட்டேன். தம்பி, உனக்கு நன்றி என்று எழுதுவது போதாது, வேறு சொல்லும் வரவில்லை.

குப்பைக் கதை இதைவிடச் சின்னது. தெரு முனைக் காலிமனைதான் எங்கள் திலாஃபுஷி. இளநீர் கூடு, டயப்பர், பழைய மெத்தை, எல்லாம் அங்கே. மழை பெய்தால் அந்தச் சாறும் அதே மணலில்தான் இறங்கும். பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி, பச்சைத் தொட்டியில் எது, நீலத் தொட்டியில் எது என்று பொறுமையாகச் சொன்னார். நாப்கினையும் டயப்பரையும் பேப்பரில் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள் என்று அவர் கேட்டது ஒரே ஒரு காரணத்துக்காக: கையால் பிரிக்கிற வேலை அவருடையது. கையுறை கிழிந்தால் புதியது வர நாளாகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார், இப்போது சங்கத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறோம். அது உதவி இல்லை அக்கா, அது எப்போதோ செய்திருக்க வேண்டியது.

காலிமனைக்கு வேலி போடச் சம்மதித்த மனைக்காரருக்கும், ஒரு மாதம் அங்கே காவல் மாதிரி உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரருக்கும், நான்கு நாளில் மண்ணை வாரிக்கொண்டுபோக ஏற்பாடு செய்த வார்டு அலுவலக இளைஞருக்கும், மஞ்சள்காமாலை வந்த குழந்தைக்குப் பணம் வாங்காமல் பார்த்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. இதற்கெல்லாம் தங்கள் பங்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று கடைசி வரை நின்ற இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நன்றி கிடையாது, நேரில் பார்த்தால் பேசிக்கொள்ளலாம்.

இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு முறை எந்த வீட்டு டேங்கை எடுப்பது என்று ஒரு அட்டவணை சங்கத்தின் சுவரில் ஒட்டியிருக்கிறது. போன வாரம் பிள்ளைகள் மறுபடி பாட்டில் வைத்தார்கள். 14-இல் 4 கறுத்தன. அந்த நாலில் ஒன்று என்னுடையது, பின்வீட்டு டேங்கில் விரிசல் இருக்கிறது என்று மாலே மாமா சொல்கிறார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி வருகிறது. தெருவில் நிற்கிற கார்களைப் புதன் ராத்திரியே எடுத்து வையுங்கள். தம்பிக்கு டிபன் என் வீட்டில்.