ரப்பர் தோட்டத்துக்குள் ஓடி வந்தவர்களுக்கு

முண்டக்கயம் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர்களுக்கும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கும், கோட்டயம் வரை கே.கே. ரோட்டில் (கோட்டயம்–குமுளி சாலையில்) வழிவிட்ட வண்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

மருந்து தெளிக்கும்போது விழுந்த ஹெலிகாப்டரை ஓட்டியவன் நான். இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். வாக்கர் பிடித்து நடக்கிறேன். விரல்கள் மடங்கத் தொடங்கியதும் முதலில் எழுதுவது இந்த மடல்தான். மலையாளத்திலும் எழுதி, எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஆபீசில் ஒட்டுவதாக, மருந்து கலக்கும் எங்கள் குழுத் தம்பி சொல்லியிருக்கிறான்.

விபத்தைப் பற்றி விசாரணை நடக்கிறது, அதை அங்கே பேசிக்கொள்கிறேன். வேலையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் மட்டும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ரப்பர் இலை முழுக்க மருந்து படிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஃபைட்டோப்தோரா பூஞ்சணம் பிடித்து, ஜூன், ஜூலையில் இலை பச்சையாகவே கொட்டிவிடும், பால் குறையும். உயர்ந்த மரத்துக்குத் தரையிலிருந்து அடிப்பது கஷ்டம். அதனால்தான் காற்று எழும்பாத காலை நேரத்தில் மரத்தலையை ஒட்டிப் பறக்கிறோம். பள்ளத்தைக் கடந்து போகும் மின்கம்பி மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாது, கம்பத்தையும் மரம் மறைத்துவிடும். கம்பி உரசியது தெரிந்த நொடியில் ஹெலிகாப்டர் என் பிடியில் இல்லை.

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினேன். தொட்டி உடைந்து, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்து கலந்த எண்ணெய் கண், மூக்கெல்லாம் வழிந்தது. எரிபொருள் வாடை வேறு. பக்கத்து பிளாக்கில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. "கிட்டப் போகாதீங்க, கம்பி கிடக்கு!" என்று தமிழில் ஒரு குரல். அண்ணே, நீங்கள் அப்படிக் கத்தியிருக்காவிட்டால் அன்றைக்கு என்னோடு இன்னும் நாலு பேர் கிடந்திருப்போம்.

லைனை அணைக்க மின்வாரியத்துக்கு ஃபோன் போனது. அணைத்தாயிற்று என்று லைன்மேன் உறுதி சொல்லும் வரை யாரும் நெருங்கவில்லை. நெருங்காமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான் நன்றி. அந்த நேரமெல்லாம் ஒரு சேச்சி (அக்கா) தள்ளி நின்றபடி "மோனே, உறங்கல்லே, உறங்கல்லே" (மகனே, தூங்காதே) என்று என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். பிறகு ஒருவர் வெட்டுக்கத்தியால் பெல்ட்டை அறுக்க, இரண்டு பேர் கீழே தோள் கொடுத்துத் தாங்கினார்கள். கழுத்தை அசைக்காமல் பலகையில் கிடத்தச் சொன்ன இளைஞர் யாரோ, உங்களைப் பற்றி டாக்டரே விசாரித்தார்.

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பான் பூச்சிமருந்து ஊர் மக்களின் உடம்பை என்ன செய்தது என்று கேரளத்தில் குழந்தைக்கும் தெரியும். நாங்கள் தெளித்தது அதல்ல, தாமிர மருந்து. ஆனால் ஓடி வந்தவர்கள் அதையெல்லாம் விசாரித்துவிட்டா வந்தார்கள்? எண்ணெயில் ஊறிய என் சட்டையை வெறுங்கையால் கிழித்து எறிந்து, லயத்துக் குடத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எங்கள் கலவைக் குழுத் தம்பி டிரம்மில் ஒட்டியிருந்த மருந்துச் சீட்டைப் பிய்த்து ஜீப்பில் கூடவே எடுத்து வந்தான். என்ன மருந்து என்று டாக்டர்கள் கேட்டபோது சீட்டையே நீட்டினான். இனி மருந்து தெளிக்கிற வேலைக்குப் போகிற எவரும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கசிந்த எரிபொருளில் தீ பிடிக்காமல் நுரை அடித்த தீயணைப்பு வீரர்களுக்கும், இரவெல்லாம் கண்ணைக் கழுவிவிட்ட செவிலியர்களுக்கும், ஊரிலிருந்து வந்த என் மனைவிக்குத் தங்க இடமும் கஞ்சியும் கொடுத்த கோட்டயத்துக் குடும்பத்துக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தச் சேச்சியின் பெயர் மட்டும் இன்னும் தெரியவில்லை. கூட வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் மஸ்டர் ஆபீசில் சொல்லிவையுங்கள். வாக்கரை விட்டதும், மழை முடிவதற்குள், நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்கு வருகிறோம்.