மில் கேட்டைத் தாண்டி நடந்தாலும் அது வேலையில் நடந்த சாவுதான்

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தொழிலாளர் துறைக்கும்,

வணக்கம்.

என் சித்தப்பா பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேன் ஓட்டினார். ராத்திரி பத்து மணி ஷிப்டுக்கு ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி வந்து இறக்குவார், வேலை முடித்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவார், அப்புறம் நூல் கோன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருப்பூர் போய் வருவார், விடிகாலை நாலு மணிக்கெல்லாம் ஆறு மணி ஷிப்டுக்காக மறுபடியும் முதல் ஊரில் போய் நிற்பார். அப்படி ஒரு விடிகாலையில், ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனார். வேனில் இருந்த ஒரு அக்காவுக்கு இடது கால் போனது.

போலீஸ் வந்தது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டினார் என்று அவர் மேலேயே வழக்கு. இறந்தவர் மேல் வழக்கு நடத்த முடியாது, அதனால் கோப்பு மூடப்பட்டது. முந்தின நாள் எத்தனை மணிக்கு வண்டியில் ஏறினார், எப்போது தூங்கினார் என்று யாருமே கேட்கவில்லை. மில்லில் போய்க் கேட்டோம். டிரைவர் காண்ட்ராக்ட் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதே வேன் மில் வளாகத்துக்குள் ரிவர்ஸ் வரும்போது ஒருவர் மேல் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 88-வது பிரிவு, தொழிற்சாலைக்குள் சாவு நடந்தால் நிர்வாகம் தகவல் தரவேண்டும், தகவல் வந்த ஒரு மாதத்துக்குள் விசாரணை நடத்தவேண்டும் என்று எழுதி வைத்தது. கேட்டைத் தாண்டி நூறு அடி போய்விட்டால் அந்த விசாரணை கிடையாது. நான் போலீஸைக் குறை சொல்லவில்லை. யார் யார் மேல் மோதினார் என்று அவர்கள் பார்க்கிறார்கள், பிரேக் பிடித்ததா என்று மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கிறார். அந்த மனிதரை அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தது யார் என்று கேட்கவேண்டியது நீங்கள்.

பணம் தருகிற சட்டங்களுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வேலையோடு தொடர்புள்ள விபத்து நடந்தால் அதையும் வேலைக் காயமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2003-ல் மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையின் இரவுக் காவலாளி விடிகாலை டூட்டிக்கு பைக்கில் போகும் வழியில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில்தான் சொன்னது, 22 வருடம் கழித்து. சரி, நஷ்ட ஈட்டுக்கு ரோடும் வேலையிடம் என்றால், காரணத்தை விசாரிக்க மட்டும் ஏன் இல்லை?

2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். எல்லாவற்றுக்கும் நீங்கள் ஓடிவர முடியாது, உங்களிடம் அத்தனை ஆய்வாளர்கள் இல்லை, அது எனக்கும் தெரியும். சொந்த பைக்கில் வீடு திரும்பியவர் விழுந்தால் போலீஸே பார்க்கட்டும், அவர் டபுள் ஷிப்டு முடித்து வந்தவராக இல்லாத வரைக்கும். ஆனால் நிறுவனம் சொன்ன நேரத்துக்கு, நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டி, சொந்தமோ காண்ட்ராக்டோ, ஓடும்போது ஒரு உயிர் போனாலோ நிரந்தர ஊனம் வந்தாலோ நீங்கள் வந்தே ஆகவேண்டும். ரோட்டு நடுவில் தூசி கூட்டுகிற தூய்மைப் பணியாளரை, தார் போடுகிற ஆளை வண்டி அடித்தாலும் வரவேண்டும், ஏனென்றால் அவருக்கு ஒளிரும் சட்டை கொடுத்தார்களா, முன்னால் தடுப்பு வைத்தார்களா என்பதை எந்த எஃப்.ஐ.ஆரும் கேட்காது. ஒரே காண்ட்ராக்டரின் வண்டி ஒரு வருடத்தில் இரண்டாவது முறை மோதினால், யாரும் சாகாவிட்டாலும் வாருங்கள். அடுத்த தடவை சாவு விழும் முன்னால் பிடிக்க முடிகிற இடம் அதுதான், என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

வந்தால் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். டூட்டி ரெஜிஸ்டர், ஷிப்டு அட்டவணை, வண்டி சர்வீஸ் பில். எங்கள் வேனின் பின் டயர் இரண்டும் மொட்டையாக இருந்தன, புது டயர் கேட்டு அவர் பலமுறை சொல்லியிருந்தார். டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு வைத்தது. அதையும் தொழிற்சாலைகள் சட்டத்தையும் சேர்த்துத்தான் 2020-ல் ஒரே சட்டத் தொகுப்பாக்கினார்கள். காகிதத்தில் ஒன்றான பிறகும் விசாரணை கேட்டோடு நிற்பதில் நியாயம் இல்லை. விபத்து வழக்கு பதிவான அன்றே வண்டி யாருக்காக ஓடியது என்ற ஒரு வரியோடு காவல் நிலையத்திலிருந்து உங்களுக்குத் தகவல் வரும்படி ஓர் உத்தரவு வாங்குங்கள். முதலில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மட்டும் செய்து பார்த்தாலும் போதும்.

சித்தப்பா சட்டைப்பையில் ஒரு ட்ரிப் நோட்டு வைத்திருந்தார். எந்த ஊர், எத்தனை மணி, எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று அவர் கையெழுத்தில் கடைசி இரண்டு மாதமும் அதில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க இதுவரை யாரும் வரவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் எடுத்துக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வேன் டிரைவரின் அண்ணன் மகன்