பெயர் கேட்காத படிவத்தில் எதைக் கேட்கலாம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்கள் ‘மாணவர் நலன் மற்றும் கருத்துக்கேட்பு நாள்’ நடத்துவது நல்ல முயற்சி. ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேர் படிவம் நிரப்பினார்கள் என்ற எண்ணிக்கையே முன்னால் வந்து நிற்கிறது. என்ன கேட்டார்கள், பதில்கள் யார் கைக்குப் போயின, அதன்பின் என்ன நடந்தது என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. இந்த வேலையைச் செய்பவர்கள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பெயர் தெரியாமல் பதில் வாங்குவதும், ஆபத்தில் இருக்கும் மாணவரைக் கண்டுபிடித்து உதவுவதும் ஒரே படிவத்தில் நடக்காது. இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் இடத்தில்தான் பிழை தொடங்குகிறது.

மனச்சோர்வைக் கண்டறியப் பல நாடுகளில் பயன்படும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளையே எடுத்துக்கொள்வோம். 9 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எந்த அளவுக்கு அப்படி இருந்தது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்போ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நினைப்போ வந்ததா என்று கேட்கிறது. பெயரில்லாத படிவத்தில் 400 பேரிடம் இதைக் கேட்டு, நான்கு பேர் ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று குறித்திருந்தால் அமைப்பாளர் என்ன செய்வார்? தாள் கையில் இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. எழுதிக் கொடுத்தவரோ, சொல்லிவிட்டோம், யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று காத்திருப்பார். யாரும் கூப்பிடமாட்டார்கள். சரி, பெயரையும் வாங்கிவிடலாம் என்றால் பலர் உண்மையை எழுதமாட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பதே தவறான எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. கேட்டுவிட்டுக் கைவிடுவதுதான் தவறு.

அதனால் பெயரில்லாப் படிவத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு போன்ற ஒன்றை வைப்பதே பொருத்தம். 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக இருந்ததா, காலையில் எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்வில் ஆர்வமூட்டும் விஷயங்கள் இருந்தனவா என்று ஐந்தும் நல்லதைப் பற்றியே கேட்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண் கிடைத்துவிடும். 50-ம் அதற்குக் கீழும் கவனிக்க வேண்டிய நிலை. பல்கலைக்கழகம் முழுவதும் எப்படி இருக்கிறது என்று பார்க்க இது போதும். ஒன்பது கேள்வித் தாள் தேவை என்றால் அதை மனநல ஆலோசகரின் அறையில், விருப்பப்பட்டு வருபவருக்கு, பெயரோடு, நேருக்கு நேர் கொடுக்க வேண்டும். அங்கே ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அந்த மாணவர் அறையை விட்டுப் போகும் முன் ஆலோசகர் பேசிவிட வேண்டும். அன்றைக்கு ஆலோசகர் கிடைக்காவிட்டால் அந்தத் தாளை அன்றைக்குக் கொடுக்கக் கூடாது.

அந்த அறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். படிவ வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும்படி ‘மனநல ஆலோசனை’ என்று பலகை வைத்து மேசை போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். வேறு வேலைக்காகவும் மாணவர்கள் போய்வரும் தாழ்வாரத்தில், கதவு மூடக்கூடிய அறையாக இருக்க வேண்டும்.

பெயர் கேட்கவில்லை என்பதாலேயே அடையாளம் மறைந்துவிடாது. கூகுள் ஃபார்மில் ‘ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்’ என்ற அமைப்பைப் போட்டால், கணக்கில் நுழைந்த பிறகே படிவம் திறக்கும். மின்னஞ்சலைச் சேகரிக்காமல் இருந்தாலும் தன் முகவரி திரையின் மேலே தெரிவதைப் பார்த்த மாணவர் நம்பமாட்டார். அந்த அமைப்பை நீக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு பேர் இருமுறை நிரப்புவதால் வரும் நஷ்டம் சிறியது. பதில்கள் போய்ச் சேரும் அட்டவணையின் முதல் பத்தியில் நாளும் மணியும் நொடியும் பதிவாகியிருக்கும். ஒரு வகுப்பு எந்தக் கால் மணி நேரத்தில் வந்தது என்ற பட்டியலை அதன் பக்கத்தில் வைத்தால் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடலாம். யாருக்கும் பகிரும் முன் அந்தப் பத்தியை அழித்து, வரிசைகளையும் கலைத்துவிட வேண்டும். துறை, ஆண்டு, பாலினம், விடுதியா வீடா என்று நான்கையும் கேட்டால் சிறிய துறையில் ஒரே ஒரு மாணவிதான் அந்தக் கட்டத்தில் நிற்பார். வேண்டியது இரண்டு விவரம் என்றால் இரண்டை மட்டும் கேளுங்கள். 10 பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியே வெளியிடக் கூடாது. மற்ற எல்லாக் குழுக்களின் எண்ணையும் மொத்தத்தையும் கொடுத்துவிட்டால், மறைத்த எண் கழித்தலில் வெளியே வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. காகிதப் படிவத்தில் கையெழுத்தே அடையாளம். எழுதிய கருத்துகளைத் தட்டச்சு செய்த பிறகுதான் ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும்.

பாடம் நடத்துவது பற்றிய கருத்துக்கேட்பு வேறு வகை வேலை. அதற்குத் தனிப் படிவம் வேண்டும். இரண்டையும் ஒட்டவைத்தால் ஆசிரியர் மேலிருக்கும் கோபம் நலக் கேள்விகளிலும், சொந்தக் கவலை பாடக் கேள்விகளிலும் படிந்துவிடும். நலன் பற்றி அறிய எல்லோரிடமும் கேட்கத் தேவையில்லை. 5,000 மாணவர்கள் இருந்தால், 95 சதவீத நம்பகத்தில் முடிவு உண்மை நிலையிலிருந்து 5 சதவீதம் முன்பின் இருக்கட்டும் என்று கணக்கிட்டால் சுமார் 357 பதில்கள் போதும். பாதிப் பேர்தான் பதில் தருவார்கள் என்று வைத்துக்கொண்டு பதிவுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 720 பேரை அழைக்கலாம். பாடக் கருத்தோ ஒவ்வொரு வகுப்பிலும் எல்லோரிடமும் கேட்க வேண்டியது. அப்போதும் 12 பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒருவர் 5-க்குப் பதில் 1 போட்டால் சராசரி 0.33 இறங்கிவிடும். 4.1 வாங்கியவர் 3.9 வாங்கியவரைவிடச் சிறந்த ஆசிரியர் என்று தரவரிசை போடுவது அநியாயம். செமஸ்டர் கடைசியில் கேட்டால் சொன்ன மாணவருக்குப் பலன் இல்லை, அடுத்து வரும் மாணவர்களுக்குத்தான் போகும். ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எது உதவுகிறது, எது தடுக்கிறது, எதை மாற்றலாம். தாள்களை அந்த ஆசிரியரே வாங்கக் கூடாது. செமஸ்டர் முடிவில் ஒருமுறை முழுப் படிவம் வைத்தால், மதிப்பெண் வெளியான பிறகுதான் அவர் முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். நலக் கேள்விகள் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் தேர்வுப் பயத்தைத்தான் அளப்போம். ஆண்டுதோறும் செமஸ்டரின் அதே வாரத்தில் நடத்தினால்தான் ஒப்பிட முடியும்.

தமிழில் படிவம் தயாரிப்பவர்கள் ஒரு சொல்லில் தடுக்கி விழுகிறார்கள். ‘மன அழுத்தம்’ என்பது வேலைச் சுமையால் வரும் நெருக்கடிக்கும், நோயாகிய மனச்சோர்வுக்கும் சேர்த்தே பேச்சில் புழங்குகிறது. ‘உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?’ என்று கேட்டால் நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டியவரும் ஆம் என்பார், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாதவரும் ஆம் என்பார். அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தூக்கம், பசி, படிப்பில் மனம் ஒன்றுவது என்று நடப்பைக் கேட்பது நல்லது. ‘நூலகமும் ஆய்வகமும் வசதியாக உள்ளனவா?’ என்பது போல இரண்டைச் சேர்த்துக் கேட்கும் கேள்விகளைப் பிரித்துவிடுங்கள். பிஎச்க்யூ-9 போன்ற அளவுகோல் படிவத்துக்கு ஏற்கெனவே சோதித்து வெளியிட்ட மொழிபெயர்ப்பு இருந்தால் அதை அப்படியே பயன்படுத்த வேண்டும்; ஒரு சொல்லைத் திருத்தினாலும் மதிப்பெண்ணின் பொருள் மாறலாம். சொந்தக் கேள்விகளை முன்னதாகப் பத்துப் பதினைந்து மாணவர்களிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேள்விகளில் உள்ள குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும்.

அன்றைய ஏற்பாட்டுக்கு ஒரு கணக்கு. 40 இருக்கை உள்ள அறையில், உள்ளே வந்து நிரப்பி வெளியேற 15 நிமிடம் என்றால் மணிக்கு 160 பேர், ஆறு மணி நேரத்தில் 960 பேர். படிவம் 10 நிமிடத்தைத் தாண்டினால் இந்தக் கணக்கு குலையும். 40 கைபேசிகள் ஒரே நேரத்தில் இணைந்தால் வைஃபை திணறும். அழைத்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்காவது காகிதப் படிவம் அச்சிட்டு வைத்திருங்கள். பார்வைக் குறை உள்ளவருக்குப் பெரிய எழுத்தில் ஒன்று வேண்டும். எழுதித் தர உதவுபவர் அந்தத் துறையைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். தன்னார்வலர்கள் மேசைகளுக்கு நடுவே நடமாட வேண்டாம், வாசலில் நின்றால் போதும். வருகைப்பதிவைக் காட்டி மிரட்டிக் கூட்டம் சேர்த்தால் எல்லாக் கேள்விக்கும் நடுக் கட்டத்தையே மேலிருந்து கீழாகக் குறித்த தாள்கள்தான் கட்டுக்கட்டாக வரும்.

கூட்டம் பெரிதாக இருப்பதால் மட்டும் உண்மை தெரிந்துவிடாது. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அழைத்த பட்டியலும் சரியில்லை, பதில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரி நினைக்கவும் இல்லை. மாணவர் நலனில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மிகவும் ஒடிந்துபோனவர் அன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்கே வந்திருக்கமாட்டார். அதனால் வராதவர்களுக்கு அடுத்த மூன்று நாள் இணைப்பு திறந்திருக்க வேண்டும். பதில் தந்தவர்களில் ஆண்டுவாரியாக எத்தனை பேர் என்பதைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் வகுப்புக்கு வராதவர்களை விசாரிப்பது கணக்கெடுப்பால் ஆகாது. அவர்களுக்குத் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேச வேண்டும்.

மூன்று வாரத்துக்குள் ஒரு பக்க அறிவிப்பு வர வேண்டும்: என்ன கேட்டோம், என்ன சொன்னீர்கள், எது எந்தத் தேதிக்குள் மாறும், யார் பொறுப்பு, எதை மாற்ற முடியாது, ஏன். காகிதப் படிவங்களை எந்த நாளில் கிழித்து அழிப்போம் என்பதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய நாளைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையோடு அழைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள். மூன்று வாரம் கழித்து உங்கள் செய்தியாளர் திரும்பப் போய், அந்த ஒரு பக்கம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
மாணவர் நலப் பணியில் இருப்போர் சிலர்