அரைப் பேர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். மூன்று நாளாய் இங்கே விடாத மழை, லயத்துக் கூரைத் தகரம் ராவெல்லாம் சத்தம். போன ஞாயிறு நீ போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கமும் சரியில்லை. போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆறு மாதம் கண் விழித்து நீ செய்த கம்ப்யூட்டர் வேலையை உங்கள் டீம் லீடர் பெரியவர்கள் முன்னால் தன் வேலை மாதிரிக் காட்டினாராம். உன்னை அந்த மீட்டிங்கில் குறிப்பு எழுதச் சொன்னார்களாம், தேத்தண்ணிக்கும் ஆள் எண்ணச் சொன்னார்களாம். அப்புறம், உனக்குப் பிறகு சேர்ந்த பையனுக்கு உன்னைவிடச் சம்பளம் கூட என்று தற்செயலாய்த் தெரியவந்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பரவாயில்லப்பா, வேலை பழகினாப் போதும்" என்று நீயே முடித்துவிட்டாய்.

அந்தப் 'பரவாயில்லை' எனக்குப் பழக்கமான சொல். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இருபது வருஷம் அதைக் கேட்டவன் நான்.

நான் கணக்கப்பிள்ளையாய் இருந்தது உனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்று முழுதாய்ச் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. சாக்கைக் கொக்கியில் மாட்டினால் தராசு முள் கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டுத்தான் நிற்கும். அது நிற்கும் முன்னேயே நான் கிலோவைச் சொல்லிவிடுவேன். சாக்குக்கு என்று கழிப்போம், ஈரத்துக்கு என்று கழிப்போம், மழை நாளில் இன்னும் கொஞ்சம். ஒரு நைலோன் சாக்கு அவ்வளவு எடை இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவளுக்கு மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டில் கல்லும் புல்லுமான மலைதான் கிடைக்கும். அன்றைக்கு முழுப் பேருக்கு 18 கிலோ என்று வைத்திருந்தால், 17 எடுத்தவளுக்கு அரைப் பேர். காலையிலிருந்து மழையில் நின்று, அட்டைக் கடி வாங்கி, பின்னேரம் நாலரைக்கு இறங்கி வந்தவளுக்குப் பாதி நாள் சம்பளம். அவர்கள் சொல்வது இதுதான்: "பரவாயில்லங்கையா, நாளைக்குப் பாத்துக்கலாம்."

கலியாணம் முடிந்த முதல் வருஷம், ஐப்பசி மழை. உங்கள் அம்மாவின் பேருக்கு நேரே 17 என்று எழுதி அரைப் பேர் போட்டேன். பெண்சாதி என்று பார்த்தால் மற்றவர்கள் பேசுவார்கள் என்று எனக்குப் பயம். ராத்திரி அவள் கலண்டர் தாள் ஒன்றை எடுத்து வந்து விளக்கடியில் வைத்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று எண்கள். முள் நின்ற பிறகு அவளே பார்த்து வைத்துக்கொண்ட மூன்று நிறுவை. "முள்ளு காட்டினது பத்தொம்பதரை. நீங்க எழுதினது பதினேழு. ரெண்டரை கிலோ எங்க போச்சு? நம்ம வீட்டுக்கா வந்துச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ரொட்டிக்குச் சம்பலும் இல்லை.

அதற்குப் பிறகு முள் நிற்கும்வரை பொறுத்திருந்தேன். கழிவைக் கழிக்காமல் விட்டேன் என்று சொன்னால் பொய். அந்தத் துணிச்சல் எனக்கு வரவே இல்லை.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ முன்பு ஒரு கதை சொன்னாய், நினைவிருக்கிறதா? அமேசான் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்ததும், பத்து வருஷத்து விண்ணப்பங்களை அதற்குப் படிக்கக் கொடுத்ததும், அவற்றில் பெரும்பாலும் ஆண்களுடையவை என்பதால் 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களை அது கீழே தள்ளியதும், 2018இல் செய்தியாய் வெளிவந்ததும். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேர் போட்ட செக்ரோல் ஏட்டை அப்படி ஒரு யந்திரத்துக்குக் கொடுத்தால் அது என்ன படிக்கும்? மழை நாளில் பொம்பளைகள் சோம்பேறிகள் என்று படிக்கும். உங்கள் அம்மாவை அரை ஆள் என்று படிக்கும். அந்த இரண்டரை கிலோ ஏட்டில் எங்கேயும் இல்லையே. கழித்த பிறகு வந்த எண்ணைத்தானே நான் எழுதினேன்?

பக்கத்துத் தோட்டத்தில் இப்போது டிஜிட்டல் தராசு. எண் பளிச்சென்று விழுகிறது. கழிவை உள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். முள் நடுங்கி நிற்பதைப் பார்த்தாவது உங்கள் அம்மா எண்ணை எடுத்தாள், இனி அதற்கும் வழியில்லை.

என் காலத்தில் தராசுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் நின்று நான் பார்க்கவில்லை. கங்காணி ஆண், கணக்கப்பிள்ளை ஆண், துரை ஆண். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், சில வீடுகளில் பெண்சாதியின் சம்பளத்தையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். நீ ஏட்டுப் பக்கம் வந்துவிட்டாய் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் உனக்கு அரைப் பேர்தான் போடுகிறார்கள் போலிருக்கிறது.

'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்' என்று உன் மாமா கேட்டதற்கு நீ சொன்ன பதிலும் நினைவில் இருக்கிறது. 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்ற பெரிய கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினபோது, அதற்கு வேலை சொல்லிக்கொடுத்தது ஆறு பெண்கள். விழாவில் அவர்கள் பேரைச் சொல்லவில்லை, விருந்துக்கும் கூப்பிடவில்லை. மாமாவுக்கு அன்றைக்கு வாய் அடைத்துப்போனது. அவ்வளவு தெரிந்த பிள்ளை இப்போது தன் விஷயத்தில் பரவாயில்லை என்கிறாய்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1983இல் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். மறைவு ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும். தெரிந்ததால்தான் கேட்க முடிந்தது. 1984இல் மலைநாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்து நாட்சம்பளம் ஒன்றாயிற்று. அரைப் பேர் அதற்குப் பிறகும் போகவில்லை, அது வேறு. உங்கள் ஆபீசிலோ ஒருவர் சம்பளத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றாய். கெட்டிக்காரர்கள். எங்கள் துரைமாருக்கு அந்த யோசனை வரவில்லை.

நீ சண்டைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் அறை வாடகை என்ன என்று எனக்குத் தெரியும், மாதாமாதம் நீ இங்கே அனுப்புவது எவ்வளவு என்றும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியையும் யார் எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று கம்ப்யூட்டரே வைத்திருக்கும் என்று சொன்னாயே, அதை எடு. ஆறு மாதத்தில் நீ செய்ததை ஒரு தாளில் எழுது. டீம் லீடருக்கு மேலே இருப்பவரிடம், குரலை உயர்த்தாமல், அம்மா என்னிடம் கேட்ட மாதிரிக் கேள். உன்னோடு இருக்கிற மற்றப் பெண்பிள்ளைகள் என்ன வாங்குகிறார்கள் என்று தேத்தண்ணி நேரத்தில் பேசிப் பார். நீயும் நாளைக்கு ஒரு டீமுக்குத் தலைவியாய் வருவாய், அப்போது உன் ஏட்டில் யாருடைய கிலோ கழிந்துபோகிறது என்றும் பார்த்துக்கொள். நான் பார்க்காமல் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

ஹட்டன் பஸ்ஸில் வருகிற நம்ம ஆளிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். தேயிலைத்தூள், அம்மா இடித்த மிளகாய்த்தூள், அடியில் ஒரு பொலித்தீன் பைக்குள் அந்தக் கலண்டர் தாள். பென்சில் எழுத்து மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இவ்வளவு வருஷம் அவள் அதைத் தன் சேலைப் பெட்டியில் வைத்திருந்தது எனக்கே போன கிழமைதான் தெரியும்.

உன் விஷயத்தை அவளிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையை ஓரமாய் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மீட்டிங், டீம் லீடர் எல்லாம் அவளுக்குச் சரியாய்ப் பிடிபடவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப இவளுக்குப் பேர் விழலையா?"

ஞாயிறு போன் எடுக்கும்போது அதை அவளிடம் நீயே சொல்.

அன்புடன்,
அப்பா