என் இடது கைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை, கைக்கடிகாரப் பட்டை வழக்கமான துளைக்கு எட்டவில்லை. முன்கையை அழுத்திப் பார்த்தேன், விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்து, அப்புறம் ரேடியேஷனும் கொடுத்ததில் நிணநீர் வடியும் வழி குறைந்து, கையிலேயே தேங்கிவிட்டது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. முதலில் காட்டிய இடத்தில், "அப்படித்தான் இருக்கும், கையை அசைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் இரண்டு மாதம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிசியோதெரபிஸ்ட் மேடம், முதல் நன்றி உங்களுக்குத்தான். மசாஜ் என்றதும் அழுத்திப் பிடித்துவிடுவீர்கள் என்று பயந்து வந்தேன். நீங்களோ தோலை மட்டும் மெல்ல நகர்த்தினீர்கள். அதுவும் வீங்கிய கையைத் தொடாமல், கழுத்திலும் வலது அக்குளிலும் ஆரம்பித்தீர்கள். "முதல்ல வழியைத் திறந்து விடணும், அப்புறம்தான் நீரை அனுப்பணும்" என்றீர்கள். மூன்று வாரம் அடுக்கடுக்காகப் பேண்டேஜ் சுற்றினீர்கள், விரல் பக்கம் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக. பிறகு அரைக் கிலோ எடையைத் தூக்கச் சொன்னபோது உங்களோடு சண்டை போட்டேனே, மன்னித்துவிடுங்கள். இப்போது வீக்கம் ஏறாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் என்ற உறையைப் போட்டுக்கொண்டு இரண்டு கிலோ தூக்குகிறேன்.

மகளே, ஞாயிறுதோறும் நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு கையையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதினாய். 4.5 சென்டிமீட்டராக இருந்த வித்தியாசம் 1.5 ஆனதை நீதான் முதலில் பார்த்துக் கத்தினாய்.

மாடி வீட்டு அக்கா, கத்தி லேசாகக் கீறிய மறுநாள் கை சிவந்து, கொதித்து, குளிர்காய்ச்சலும் வந்தபோது, "காலையில் பார்த்துக்கலாம்" என்றேன். நீங்கள் கேட்கவில்லை. அன்றிரவே ஆன்டிபயாடிக் ஏறியது. தொற்று பரவும்போது ஓர் இரவு எவ்வளவு நீளம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அலுவலகத் தோழிகளுக்கும் நன்றி, என் பையை என்னிடம் கேட்காமலே தூக்கிக்கொண்டதற்கு.

கடைசியாக என் வீட்டுக்காரருக்கு. தினமும் காலையில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, சுருக்கம் விழாமல் ஸ்லீவை ஏற்றிவிடுகிறீர்கள். ஆறு மாதத்தில் பழையது தொய்ந்துவிட்டது, புதிது நேற்று வந்தது. நாளைக்கு நானே மாட்டிப் பார்க்கிறேன். அந்தக் கையுறையை மட்டும் எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.